காணாக்கடியா, முட்டையா? கைக்குழந்தைக்கு அலர்ஜி டெஸ்ட் எடுக்கும் முன்

என் மகளுக்குப் பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் முதல்முறையாக வெள்ளைக்கரு கொடுத்தோம். அதுவரை மஞ்சள் கரு மட்டும்தான். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆம்லெட்டில் விரல்நுனி அளவு பிய்த்து வாயில் வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உதட்டைச் சுற்றிச் சிவந்தது, கன்னம் தடித்தது, பிறகு வயிறு, தொடை என்று வட்டம் வட்டமாகக் கிளம்பியது. "காணாக்கடிதான், ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை வெற்றிலையும் மிளகும் எடுக்க அடுக்களைக்குள் போனார். நான் செல்போனை எடுத்து, பக்கத்தில் அலர்ஜி டெஸ்ட் எங்கே எடுக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இப்போது யோசித்தால் இரண்டு பேருமே பாதி சரி, பாதி தப்பு.

காணாக்கடி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். எது கடித்தது என்று தெரியாது என்பதை அந்தப் பெயரே ஒப்புக்கொண்டுவிடுகிறது. சின்னக் குழந்தைக்குத் திடீரென்று உடம்பு தடித்தால், அதற்குச் சாப்பாடு காரணமாக இல்லாமல் போவதுதான் அதிகம். சளி, காய்ச்சலோடு வருகிற வைரஸ்தான் அடிக்கடி அந்த வேலையைச் செய்கிறது. கொசு, தெள்ளுப்பூச்சி கடித்த இடமெல்லாம் கொப்பளித்து வாரக்கணக்கில் அரிக்கிற குழந்தைகளும் உண்டு. வைரஸால் வருகிற தடிப்பு நாள்கணக்கில் மறைந்து மறைந்து வேறு வேறு இடத்தில் கிளம்பும். உணவால் வருவது பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மறுபடி அதே பொருளைக் கொடுத்தால் மறுபடி வரும். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அத்தையின் பூச்சிக் கணக்கை அன்றைக்கே தள்ளிவைத்திருக்கலாம்.

என் தப்பு வேறு. நான் தேடியது டெஸ்ட்டை. தேடியிருக்க வேண்டியது டாக்டரை. இரண்டும் ஒன்றுதானே என்று அப்போது நினைத்தேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவரே ஒரு குழந்தை மருத்துவர்தான்; வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. திருடனைப் பார்த்துக் குரைக்க வேண்டிய நாய், தினமும் பால் ஊற்ற வருகிறவரைப் பார்த்துக் குரைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் அலர்ஜி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தீங்கில்லாத முட்டைப் புரதத்தையோ பால் புரதத்தையோ பகையாளி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. குறித்துவைப்பது என்றால், அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருளைத் தயாரித்து, தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிவைக்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே வந்தால் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் வேறு சில ரசாயனங்களையும் கொட்டுகின்றன. தடிப்பு, அரிப்பு, வாந்தி, இளைப்பு எல்லாம் அதன் விளைவு.

இது ரத்தத்தில் இருக்கிற ஒரு பொருளின் வேலை என்று கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை, கார்ல் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அங்கே தடித்தது. மீன் அலர்ஜி இல்லாதவரின் தோலில் மீன் தடிப்பு! இதை அவர்கள் வெளியிட்டது 1921-இல். அந்தப் பொருள் ஐஜிஇ என்று பிடிபட இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆனது. இன்றைக்கு அலர்ஜி டெஸ்ட் என்று நாம் எடுப்பதெல்லாம் இந்த ஐஜிஇ-யைத் தேடுகிற வேலைதான்.

அப்படியென்றால் ஐஜிஇ இல்லாமல் வருகிற தொல்லைகளை இந்த டெஸ்ட் காட்டாது. அப்படியும் சில உண்டு. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் கைக்குழந்தையின் மலத்தில் கோடு கோடாக ரத்தம் வருவது ஒன்று. ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து, குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளிறித் துவண்டு போவது இன்னொன்று. இவற்றில் தோல் டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும். "டெஸ்ட்டில் ஒன்றுமில்லை, தைரியமாகக் கொடுங்கள்" என்று யாராவது சொல்லி, மறுபடி கொடுத்து, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. வயிற்றுப்போக்குக்குப் பிறகு கொஞ்ச நாள் பால் செரிக்காமல் போவது லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையின் விவகாரம். அது அலர்ஜியே இல்லை.

பாசிட்டிவ் என்றால் அலர்ஜி என்று அர்த்தமில்லை

முக்கியமான டெஸ்ட் மூன்று. தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது. ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட உணவுக்கான ஐஜிஇ-யை அளப்பது. மருத்துவமனையில் வைத்து, டாக்டர் கண் முன்னால் அந்த உணவைச் சிறிது சிறிதாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பது. முதல் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்த உணவை இந்த உடம்பு குறித்துவைத்திருக்கிறதா? மூன்றாவதுதான், சாப்பிட்டால் நிஜமாகவே ஏதாவது ஆகிறதா என்று கேட்கிறது.

குறித்துவைத்திருப்பதும் குரைப்பதும் வேறு வேறு. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஏதாவதொரு உணவுக்கு ரத்தத்தில் ஐஜிஇ இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். சாப்பிட்டதும் தொந்தரவும் வந்து ஐஜிஇ-யும் இருந்தவர்கள் நூற்றுக்கு 1.2 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அந்த உணவைத் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்தவர்கள். அவர்களைப் போய் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வரும், அவ்வளவுதான்.

இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். செல்போனில் முதலில் வந்த லேபில் ஒரு 'பேனல்' இருந்தது. ஒரே ரத்த மாதிரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம். நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வண்ணப் பட்டைகளோடு பார்க்கவே அழகாக இருந்தது. முட்டை, பால், கோதுமை, உளுந்து, வேர்க்கடலை, தக்காளி, வாழைப்பழம் என்று பதினேழு பாசிட்டிவ். பாலை நிறுத்தினேன். உளுந்தை நிறுத்தினால் இட்லி தோசை போயிற்று. வாழைப்பழமும் போயிற்று. அரிசிக் கஞ்சியும் கேரட்டுமாக ஆறு வாரம் ஓட்டினோம். ஏழாவது வாரம் எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருந்தது. பத்து மாதக் குழந்தைக்கு அரைக் கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பதினேழில் பதினாறை அவள் அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இட்லி தின்று ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. அந்த ஒரு வரி, ரிப்போர்ட்டின் எல்லாப் பட்டைகளையும்விடப் பெரிய ஆதாரம். தடையில்லாமல் சாப்பிடுகிற உணவுக்கு டெஸ்ட்டே எடுக்கக் கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்படி ஒத்துக்கொள்கிற உணவை, அதிலும் கரப்பான் (தோல் வறண்டு அரிக்கிற எக்ஸிமா) இருக்கிற குழந்தைக்கு, மாதக்கணக்கில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால், முன்பு இல்லாத அலர்ஜி புதிதாக வந்துவிடுவதும் உண்டாம். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கரப்பான் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 'கரப்பான் பண்டம்' என்று ஒரு பட்டியல் உண்டு. கத்தரிக்காய், கருவாடு, சோளம் என்று வீட்டுக்கு வீடு மாறும். குழந்தையின் முழங்கை மடிப்பும் கன்னமும் வறண்டு அரித்தால், தாய்ப்பால் கொடுக்கிற பெண்ணின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கரப்பான் இருக்கிற குழந்தைக்கு உணவு அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் தோல்தான் முதல் குற்றவாளி, சாப்பாடு இல்லை. வறண்டு வெடித்த தோல் வழியாகப் புரதம் உள்ளே போய்த்தான் உடம்பு அதைப் பகையாகக் குறித்துவைக்கிறது என்பது இப்போது வலுவாக இருக்கும் கருத்து. ஆகவே தோல் டாக்டர் சொன்ன மாய்ஸ்சரைசரையும் மருந்தையும் ஒழுங்காகப் போட்டு, அதன் பிறகும் அடங்காவிட்டால் உணவைப் பற்றி யோசிப்பதே நல்லது.

கடைத்தெருவில் வேறு சில 'அலர்ஜி டெஸ்ட்'களும் உண்டு. உணவுக்கு ஐஜிஜி என்கிற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்ப்பது அதில் முதன்மை. ஐஜிஇ-க்கும் ஐஜிஜி-க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஐஜிஜி இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு உடம்பு பழகியிருக்கிறது என்றுதான் பொருள். அலர்ஜியைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் சங்கம் 2008-இலேயே அறிவித்துவிட்டது. முடியை அனுப்பிப் பார்ப்பது, கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி எந்திரத்தில் அலை பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் பணத்தைக் கொடுக்காதீர்கள். மொத்த ஐஜிஇ என்ற டெஸ்ட்டும் இந்த விஷயத்தில் பெரிதாகப் பயன்படாது. வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஏறிவிடும்.

சரி, யாரிடம் போவது?

முதலில் உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடம். தடுப்பூசி போடுகிற அதே டாக்டர். குழந்தையின் எடை வரைபடம் அவரிடம்தான் இருக்கிறது, பாதிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். அவர் எழுதிக்கொடுக்கும் கடிதம் இருந்தால் பெரிய மருத்துவமனையில் கதையை முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியதில்லை.

அதற்கு மேல் போவதில்தான் நம் நாட்டில் சிக்கல். இதயத்துக்கு, சிறுநீரகத்துக்கு இருப்பது போல அலர்ஜிக்கென்று தனியாக நீண்ட படிப்பு முடித்த டாக்டர்கள் இங்கே குறைவு. குழந்தை மருத்துவம் படித்துவிட்டு அலர்ஜியில் கூடுதல் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நுரையீரல் டாக்டர்கள், காது மூக்கு தொண்டை டாக்டர்கள், தோல் டாக்டர்கள் சிலரும் அலர்ஜி கிளினிக் வைத்திருக்கிறார்கள். தூசி, பூஞ்சை, மகரந்தம் என்று மூக்கு வழியாக வருகிற அலர்ஜிக்குப் பின்னவர்கள் நன்றாகவே பார்ப்பார்கள். ஆனால் கைக்குழந்தையின் உணவு அலர்ஜி என்றால் குழந்தை மருத்துவப் பின்னணி இருப்பவரைத் தேடுவதே மேல். மலத்தில் ரத்தம், தாமதமான வாந்தி போன்றவை என்றால் குழந்தைகளுக்கான குடல் சிறப்பு மருத்துவர். 'இம்யூனாலஜி' என்று போர்டு இருக்கிற எல்லா இடமும் அலர்ஜி பார்க்கும் இடம் இல்லை. மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களை முதன்மையாகப் பார்க்கிற பிரிவுகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. பஸ் ஏறும் முன் கேட்டுவிடுங்கள்.

போனில் என்ன கேட்பது? ஒரு வயதுக் குழந்தைக்குத் தோல் டெஸ்ட் செய்வீர்களா என்று கேளுங்கள். "அஞ்சு வயசாகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தால் அந்த இடம் கைக்குழந்தைகளுக்குப் பழகவில்லை என்று புரிந்துகொள்ளலாம். தோல் டெஸ்ட்டுக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. கைக்குழந்தைக்குத் தடிப்பு சிறிதாக வரும், அதை அனுபவத்தோடு படிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, உணவைக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை அங்கே செய்வார்களா என்று கேளுங்கள். இது என் பார்வையில் உரைகல். ஏதாவது ஆனால் சமாளிக்க ஆளும் மருந்தும் படுக்கையும் வைத்திருக்கிற இடம்தான் இதைச் செய்யும். நேரமும் நிறையப் பிடிக்கும். செய்கிற இடம் என்றால் அலர்ஜியை ஒரு ரிப்போர்ட்டாகப் பார்க்காமல் குழந்தையைப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் கடைசியில் இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஒருவரைப் பிடித்தோம். நான் பெருமையாக அந்தப் பதினேழு பாசிட்டிவ் ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கி, திறக்காமலே மேசையின் ஓரத்தில் வைத்தார். "அது இருக்கட்டும்மா. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றார். எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை நிமிடத்தில், வாந்தி உண்டா, இருமினாளா, அழுகைக் குரல் மாறியதா, அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, அதற்கு முன்னால் முட்டை போட்ட கேக்கோ பிஸ்கட்டோ சாப்பிட்டிருக்கிறாளா? இருபது நிமிடம் கேள்விகள்தான். அந்த இருபது நிமிடம்தான் நான் தேடிப் போன சிறப்பு மருத்துவம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதனால் போகும் முன் எழுதிக்கொண்டு போங்கள். தடிப்பு வந்தபோதே போட்டோ எடுத்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கு அது இருக்காது. பாக்கெட் உணவு என்றால் பின்பக்கத்துப் பொருள் பட்டியலையும் ஒரு போட்டோ.

அடுத்தது, எங்களைத் திருப்பி அனுப்பவைத்த விஷயம். தோல் டெஸ்ட்டுக்கு முன்னால் செட்ரிசின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை ஐந்திலிருந்து ஏழு நாள் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் எதிலும் தடிக்காது. செட்ரிசினை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும், நிறுத்தியும் இருந்தேன். ஆனால் இரண்டு நாள் முன்னால் சளிக்கென்று ஒரு சிரப் கொடுத்திருந்தேன். நம் ஊர் சளி சிரப்புகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது, அதுவும் அதே ஜாதி. டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். ஐந்து மணி நேரப் பயணம் வீண். மூக்கொழுகினால் நர்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மருந்து கொடுங்கள். இளைப்பு மருந்து மாதிரி அவசியமான எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குத்துகிற நாள்

இரண்டாவது முறை போனபோது ஒரு பச்சை முட்டையையும் பால் பாக்கெட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பாட்டிலில் வருகிற சாற்றின் தரம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால், நிஜ உணவிலேயே ஊசியைத் தொட்டுத் தோலில் குத்துவதும் வழக்கம். அத்தை முட்டையைத் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

என் மடியில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் நீலப் பேனாவால் நான்கு கோடு போட்டார் நர்ஸ். முதல் கோட்டில் ஹிஸ்டமின். அது கட்டாயம் தடிக்க வேண்டும், தடிக்காவிட்டால் மருந்து எதுவோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவதில் வெறும் உப்புநீர். அது தடிக்கக் கூடாது. மூன்றாவதில் வெள்ளைக்கரு, நாலாவதில் பால். ஒவ்வொரு சொட்டின் மேலும் சின்ன முள் போன்ற ஒன்றால் லேசாக ஓர் அழுத்து. ரத்தம் வராது. தடுப்பூசிக்கு அழுததில் கால்வாசிகூட அவள் அழவில்லை. அசையாமல் பிடித்துவைத்ததற்குத்தான் கோபம். பிறகு பதினைந்து நிமிடம் அவள் கை முதுகுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. சாவிக்கொத்து, வளையல், கடைசியில் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் வரை கொடுத்தோம்.

டாக்டர் சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். உப்புநீர் இடத்தைவிட மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பாசிட்டிவ். வெள்ளைக்கரு ஏழு மில்லிமீட்டர். பால் இடத்தில் ஒன்றுமே இல்லை. முட்டைக்கு மட்டும் ரத்தத்திலும் ஒருமுறை பார்த்தார்கள். பதினேழு, ஒன்றானது. அன்று ராத்திரி அவளுக்குத் தயிர்சாதம் கொடுத்தேன்.

இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்த ரிப்போர்ட்டில் 0.35-க்கு மேல் என்றால் பாசிட்டிவ் என்று லேப்கள் போடும். எண் பெரிதாகப் பெரிதாக, சாப்பிட்டால் தொந்தரவு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் வருகிற தொந்தரவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. தடிப்பின் அளவும் சொல்லாது. பெரிய எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுவதும், சின்ன எண்ணைப் பார்த்து அலட்சியமாக இருப்பதும் இரண்டுமே வீண்.

அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில்

சந்தேகப்படும் அந்த ஓர் உணவை மட்டும் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் ஓடட்டும். வீட்டிலேயே 'கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம்' என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

தடிப்போடு சேர்ந்து இருமல், இளைப்பு, குரல் கம்முதல், திரும்பத் திரும்ப வாந்தி, வெளிறித் துவண்டு போதல் என்று ஏதாவது வந்தால் அது சாதாரண அலர்ஜி இல்லை, உயிருக்கு ஆபத்தான கட்டம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே போட வேண்டிய மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். செட்ரிசின் சொட்டு மருந்து அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. போகிற வழியில் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளாமல் படுக்கைவாக்கில் பிடியுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் அது உட்கார விரும்புகிறபடி விடுங்கள். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா வெளிநாட்டில் போல நம் ஊரில் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் டாக்டரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்: எங்கள் குழந்தைக்கு வீட்டில் அட்ரினலின் தேவையா, தேவையென்றால் எந்த வடிவில், எவ்வளவு, போடக் கற்றுத்தருவீர்களா? எங்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, பால் கணக்குக்குப் பக்கத்தில்.

நம் சமையலறைக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. பசும்பால் அலர்ஜி என்றால் எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் சேர்த்தியே. புரதங்கள் அவ்வளவு நெருக்கம். "ஆட்டுப்பால் குடுத்துப் பாரு" என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள், கேட்காதீர்கள். வேர்க்கடலை அலர்ஜி என்றால் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் மிஞ்சியிருக்கும். எள் அலர்ஜிக்கு நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் அப்படியே. பாக்கெட் உணவில் முட்டை, பால், மீன், வேர்க்கடலை, சோயா, கோதுமை போன்றவை இருந்தால் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்தக் கட்டாயப் பட்டியலில் எள் இல்லை. எனவே எள் அலர்ஜிக்காரர்கள் பொருள் பட்டியல் முழுவதையும் படித்தே ஆக வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் பயந்தேன். தட்டம்மை ஊசியைக் கோழிக் கருவின் செல்களில் வளர்க்கிறார்கள் என்று யாரோ சொன்னதால் அடுத்த தவணையைத் தள்ளிப்போட நினைத்தேன். முட்டை அலர்ஜி இருந்தாலும் அதைத் தாராளமாகப் போடலாம் என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே. ஃப்ளூ ஊசியும் அப்படியே. மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்றுக்குத்தான் தனி யோசனை வேண்டும்.

இன்னொரு விஷயம், இரண்டாவது குழந்தைக்கு உதவும். முன்பெல்லாம் அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். லண்டனில் கிடியன் லாக் குழுவினர் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதல் வயதிலிருந்தே கடலை கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல் ஐந்து வயது வரை கவனித்தார்கள். 2015-இல் வந்த முடிவு எல்லோரையும் திருப்பிப்போட்டது: சாப்பிட்டவர்களிடம்தான் கடலை அலர்ஜி மிகக் குறைவு. முழுக் கடலையைக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். நைசாக அரைத்துக் கூழில் கலந்துதான். கடுமையான கரப்பான் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். வேர்க்கடலை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும். போகிறதா என்று பார்க்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட்டைத் திரும்பச் செய்வார்கள். அதோடு, முட்டையை மாவில் கலந்து நன்றாக வேகவைத்தால் அதன் புரதங்களில் சில குலைந்துவிடும். முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேக்கில் இருக்கும் முட்டை ஒத்துக்கொள்கிறது.

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயதில் அந்தப் பரிசோதனை நடந்தது. மருத்துவமனை கொடுத்த அளவுப்படி வீட்டில் கப்கேக் செய்து எடுத்துப் போனோம். முதலில் ஒரு பொடித்துணுக்கு. இருபது நிமிடம் காத்திருந்து அடுத்த துண்டு. அதற்குப் பிறகு கொஞ்சம் பெரிதாக. மதியத்துக்குள் ஒரு முழு கேக் உள்ளே போய்விட்டது, இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க வயிற்றில் எதுவும் இறங்கவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் கேக் தின்கிறாள், ஆம்லெட்டுக்கு இன்னும் தடை.

அடுத்த தோல் டெஸ்ட் தை மாதம். தினசரிக் காலண்டரில் அதற்கு ஏழு தாள் முன்னாலேயே பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்: 'சளி சிரப் கூடாது.' அத்தை அதன் கீழேயே பென்சிலில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: 'முட்டை எடுத்துப் போக வேண்டும்.'